நன்னூல் அளவையில் தொலைநிலைக் கல்வி

பள்ளியொன்றின் கொள்கை யாது என்பதை அதன் முகப்புச் சுவரில் தீட்டிய வாசகம் காட்டாது. அதன் கால அட்டவணையே காட்டும். எதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறதோ அதுவே அப்பள்ளி உண்மையில் போற்றும் பொருள். வகுப்பறை திறந்திருக்கும் நாட்களில் இவ்வேறுபாடு அவ்வளவாகப் புலப்படுவதில்லை. ஒருங்கே அமர்ந்து உண்பதிலும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதிலும், திட்டத்தில் எழுதப்படாத பண்புகள் பல தாமே வளர்கின்றன. கதவு அடைபட்டாலோ, எழுதியது எஞ்சும்; எழுதாதது மறையும்.

மலேசியாவில் 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் நேர்ந்தது இதுவே. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 8ஆம் நாள் எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோதும் இச்சோதனையே எழுந்தது. இஃது அந்நோய்க் காலத்தோடு முடிந்த செய்தியன்று. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் வீட்டிலிருந்து கற்கும் நாட்கள் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் படிப்படியாக முறைமையாக்கப்பட்டன. மலேசியாவிலோ வெள்ளம் பள்ளியை மூடும்பொழுதெல்லாம் 'இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல்' மீண்டும் தேவைப்படுகிறது. ஆதலின் அக்காலத்துத் திட்டங்களை நிறுத்துப் பார்ப்பது இன்றைக்கும் பயன் தருவதாம்.

நிறுப்பதற்கு வெளிநாட்டுத் துலாக்கோல் வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் போதும். ஆசிரியர் ஆகாதார்க்கு அது கூறும் உவமைகள் நான்கு: கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இவை மனிதரை நோக்கிச் சொன்னவையாயினும், திட்டங்களுக்கும் பொருந்தக் காணலாம்.

கழற்குடம், இட்ட முறையில் காயைத் தராது. கவிழ்த்தால் முன்னது பின்னதாய் ஒருங்கே உருண்டு விழும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே காலையில் ஆறு பாடங்களின் பயிற்சித் தாள்கள் வந்து குவிந்த நிலை இதுவன்றோ? மடற்பனை, தானே உதிர்த்தால் அன்றி, ஏறிப் பறிக்க இடங்கொடாது. கேள்வி கேட்க வழியின்றி ஒளிப்பதிவை மட்டும் அனுப்பிய பாடம் அத்தகையது. பருத்திக் குண்டிகையில் பஞ்சை அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. கடவுச்சொல் பலவற்றைக் கடந்தே பாடத்தை அடைய வேண்டிய ஏழு வயதுக் குழந்தை அக்குண்டிகையின் முன் நின்றது.

முடத்தெங்கே கொடியது. வேருக்கு நீர் வார்த்தவன் ஒருவன். வளைந்த மரத்தின் காய் விழுவதோ அயலான் முற்றத்தில். 2020இல் மலேசியக் கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகைக் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. அந்நிலையில் நேரலை வகுப்பு ஒன்றையே கல்வியெனக் கொண்ட திட்டம், கருவியுடையார் முற்றத்தில் காயை உதிர்த்தது. ஆசிரியர்கள் உழைக்கவில்லை என்பது இதன் பொருளன்று. பயிற்சித் தாளைத் தம் செலவில் அச்சிட்டு வீடுதோறும் கொண்டு சேர்த்தோர் உண்டு. ஆயின் அவ்வுழைப்பு தனியொருவர் அன்பாக நின்றதேயன்றிப் பள்ளியின் திட்டமாக எழுதப்படவில்லை. 'யாவர்க்கும் கல்வி' என்று சுவரில் எழுதிய பள்ளி, அந்த அன்பைத் தன் அட்டவணையிலும் எழுதியிருத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். நன்னூல் காட்டும் மாணாக்கன் ஆசிரியரை நிழல்போல் நீங்காதவன். அந்நூலைக் கொண்டு தொலைவிலிருந்து கற்றலை அளப்பது எங்ஙனம்? விடை அந்நூலிலேயே உள்ளது. ஆசிரியர் சொல்வதை முழுதும் உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே என்கிறது நன்னூல். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வரும். தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிறையும். எனவே கல்வியின் முக்காற்பங்கு ஆசிரியர் வாயிலிருந்து வருவதன்று. தொலைவு தொட முடியாத பங்கு அது. திட்டமிடுவோர் கைவிட்டதும் அப்பங்கே. பெரும்பாலான அட்டவணைகள் ஆசிரியர் பேசும் காற்கூற்றையே நாள் முழுதும் நீட்டின.

ஒளிப்பதிவுப் பாடத்திற்கு உரிய சிறப்பையும் மறுத்தல் ஆகாது. மும்முறை கேட்டவன் முறையறிந்து உரைப்பான் என்பதும் நன்னூற் கருத்தே; வகுப்பறையில் அரிதான மும்முறைக் கேள்வியைப் பதிவு எளிதாக்குகிறது. ஆனால் கேட்டபின் உரைப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் தேடித் தருவதே திட்டத்தின் கடமை.

அதற்குப் பெருஞ்செலவு இல்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரப் பாடம்; அதன்பின் இருவர் இருவராய் இணைத்த மாணவர் சாதாரணத் தொலைபேசியில் அப்பாடத்தைப் பேசிக்கொள்ளல்; மாலையில் தம்பிக்கோ பாட்டிக்கோ அதைச் சொல்லிக் காட்டல்; கேட்டவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை மறுநாள் இரண்டு வரியில் எழுதல். கருவியற்ற வீட்டுக்கு வாரத் தாள்கள் நாள் வரிசைப்படி கட்டப்பெற்றுச் செல்லட்டும். அவ்வீட்டுப் பிள்ளைக்கு வாரம் இருமுறை ஆசிரியர் அழைப்பது அட்டவணையிலேயே இடம்பெறட்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் கேட்பாரில்லை எனலாம். அதற்காகவே மாணவர் இணை முன்னரே அமைய வேண்டும் என்க.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அடுத்த வெள்ளத்திற்குமுன் ஒரு மாலை கூடியமர்ந்து, தம் பள்ளியின் கொள்கை வாசகத்தையும் இல்லிருப்புக் கால அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக. வாசகத்திலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அட்டவணையில் ஒரு மணித்துளியேனும் உண்டா என எண்ணுவாராக. இல்லாத சொல்லுக்கு நேரம் தருதல் வேண்டும். அன்றேல் அச்சொல்லைச் சுவரினின்று அழித்தல் வேண்டும். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' எனக் குறிக்கப்பெற்ற பிள்ளை, வர வழியில்லாத பிள்ளையாக இருக்குமாயின், தவறியது பிள்ளையன்று. பள்ளி தந்த சொல்லே.