தருமனின் நாயும் ஸ்ரைன்பெக்கின் சாளியும்

பயண நூல் தமிழிலே பிந்தி வளர்ந்ததோர் இலக்கிய வகை. வழி கூறும் மரபை ஆற்றுப்படைகள் பழங்காலத்திலேயே தொடக்கிவைத்தன. எனினும், ஊர்விட்டு ஊர் சென்ற ஒருவன் தான் கண்டவற்றைத் தன் நடையிலே எழுதி ஒழுங்குசெய்யும் வழக்கம் அச்சும் உரைநடையும் வந்த பின்னரே நம்மிடை வேரூன்றியது. 'உலகம் சுற்றும் தமிழன்' எனப் பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார் அவ்வகையின் முன்னோடி. அவர் நூல்களிலே ஊர் தெரியும், மக்கள் தெரிவர், எழுதியவர் மட்டும் ஒதுங்கியே நிற்பார். இதற்கு நேர்மாறான பயண நூல் ஒன்று 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. நாவலாசிரியர் யோன் ஸ்ரைன்பெக் எழுதிய 'சாளியுடன் பயணங்கள்' என்பதே அது. அந்நூலிலே எழுதியவரே ஏட்டுக்கு ஏடு நிற்கிறார். அவர் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய் அங்கே என்ன செய்கிறது என்பதே ஆராயத்தக்க வினா.

நூலின் புறச்செய்தி சுருக்கமானது. 1960ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ஐம்பத்தெட்டு வயதான ஆசிரியர் நியூ யோர்க் மாநிலத்து லோங் ஐலன்டிலுள்ள தம் வீட்டிலிருந்து புறப்படுகிறார். ஏறத்தாழப் பத்தாயிரம் மைல் சுற்றி வீடு திரும்புகிறார். ஊர்தி, பின்புறத்திலே கப்பலறை போன்றதொரு சிறு வீட்டைத் தாங்கிய லொறி. அதனுள்ளே கட்டில், நான்கு வாய் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கணப்பு, கழிப்பிடம், பூச்சி புகாத வலைச் சாளரங்கள் யாவும் உண்டு. டொன் குயிக்சொற்றின் மெலிந்த குதிரையின் பெயரான 'ரொசினாந்தே' என்பதை அந்த லொறிக்குச் சூட்டினார். துணை, சாளி எனப்படும் பத்து வயதுப் பிரெஞ்சுப் பூடில்.

புறப்பாட்டின் காரணமே நூலின் உயிர்நிலை. முந்திய பனிக்காலத்தில் ஸ்ரைன்பெக் நோயுற்றார். முதுமை நெருங்குகிறது, இனி மெல்ல நட, பாரம் தூக்காதே, சினங்கொள்ளாதே என அறிவுரைகள் சூழ்ந்தன. சில ஆண்டுகளை மிகுதியாகப் பெறுவதற்காக ஆண்மையை விற்கத் தமக்கு மனமில்லை என அவர் எழுதுகிறார். வீட்டிலே பேணப்படும் நோயாளியாக ஒடுங்கிவிடாது, தானே சமைத்து, தானே ஓட்டி, தானே வழிதவறி, தானே வழிகண்டு வர இயலுமா என்பதைச் சோதிக்கவே அவர் புறப்பட்டார். நாட்டைத் தேடிய பயணம் என நூலின் துணைத்தலைப்புக் கூறினும், தேடப்பட்டது தம் உரிமையே என்பதை முதல் அதிகாரங்கள் மறைக்கவில்லை.

வீட்டையே வண்டியிலேற்றிச் செல்வது நம் நாட்டார்க்குப் புதுமையன்று. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தெற்கே நீளும் தெருவிலே கூடார வண்டிகள் பல தலைமுறையாக ஓடின. வண்டிக்குள்ளே பாயும் சோற்றுப் பானையும், அச்சின் கீழே தொங்கும் அரிக்கன் லாம்பும், அதன் ஒளியிலே ஓடிவரும் நாயும் அக்காலத்தார் கண்ட காட்சி. வயல் வாடியிலே தங்கிப் பன்றிக்குக் காவலிருந்த முல்லைக்காரனுக்கும் இரவுத்துணை நாயே. ஆயினும் அந்த நாயைக் குறித்து எவரும் நூலெழுதியதில்லை. அது வேலை செய்தது, சோறு தின்றது, முற்றத்திலே கிடந்தது.

நம் மரபிலே நாயின் நிலை வியப்புக்குரியது. அது இழிவுக்கு உவமை, அன்புக்கும் உவமை. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக் கூற விரும்புமிடந்தோறும் திருவாசகத்தில் நாயையே நாடுகிறார். நாலடியாரோ நட்பாராய்தலிலே யானையைத் தள்ளி நாயை ஏற்கிறது. பலநாட் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பிலே நிற்கவும் நாய் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் என்பது அதன் கருத்து. பெருமையுடையார் நட்பினும் எளியார் கேண்மை உயர்ந்தது என்பதற்கு இதனினும் கூரிய சான்று கிடைத்தல் அரிது.

எனினும் பயணத்துணையாக நாய் வரும் மிகப் பெரிய காட்சி மகாபாரதத்தின் பதினேழாவது பருவத்திலேயே உள்ளது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அனைத்தும் துறந்து வடக்கே நடக்கின்றனர். ஏழாவதாக ஒரு நாய் தொடர்கிறது. திரௌபதி வீழ்கிறாள், சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். தருமன் திரும்பிப் பாராது நடக்கிறான். இறுதியில் இந்திரன் தேருடன் வருகிறான். நாயை விட்டு ஏறுக என்கிறான். தம்பியரையும் மனைவியையும் விட்டவனுக்கு நாயை விடுதல் அரிதோ என்பது இந்திரன் வினா. அவர்கள் இறந்தார்கள், இறந்தாரை மீட்க என்னால் இயலாது, உயிரோடிருந்தபொழுது அவர்களை நான் விட்டதில்லை, அடைக்கலமாக வந்த இவ்வுயிரை எவ்வாறு விடுவேன் என்பது தருமனின் விடை. நாய் அறக்கடவுளே என்பது அதன் பின்னர்த்தான் வெளிப்படுகிறது. வெளிப்படு முன்னரே விடை கூறப்பட்டது என்பதிலேயே அக்காட்சியின் மேன்மை தங்கியுள்ளது.

வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவத்தோடு நிற்பதால், அதனை மட்டும் பாடமாகக் கற்கும் மாணவன் இந்நாயைச் சந்திப்பதேயில்லை. நல்லாப்பிள்ளை பாரதத்துக்குச் சென்றே காணவேண்டும். கல்முனைக்கு வடக்கேயுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் பாரதக் கதை வனவாசமாகவும் தவநிலையாகவும் நடித்துக் காட்டப்பெற்றுத் தீமிதிப்போடு நிறைவெய்துகிறது. பாரதத்தைச் செவியாலன்றிக் காலாலேயே அறிந்த இக்கரையிலும் கடைசி நடையும் நாயும் மக்கள் நினைவிலே பெரிதும் இடம்பெறவில்லை.

அதே தெருவில் அடுத்த ஊர்களிலே, வெள்ளிக்கிழமைதோறும் முஸ்லிம் மக்கள் ஓதும் அல்கஹ்பு அத்தியாயத்திலும் ஒரு நாய் உண்டு. கொடுமைக்கு அஞ்சிக் குகையிலே புகுந்து பன்னெடுங்காலம் துயின்ற இளைஞர்களோடு சென்ற நாய் அது. வாயிலிலே முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது. அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா எனப் பின்வந்தோர் கணக்கிட்டபொழுதெல்லாம் நாயையும் சேர்த்தே எண்ணினர் என அத்தியாயம் கூறும். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலே நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை மண் கரைத்த நீரால் ஒருமுறை உட்பட ஏழு முறை கழுவவேண்டும். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வைத்திருத்தல் விலக்கன்று. தாகமுற்ற நாய்க்கு நீர் முகந்து கொடுத்தவன் மன்னிக்கப்பட்டான் என்பதும் அவர்கள் அறிந்த நபிமொழி. இந்திரனின் மறுப்பும் இதற்கு அணித்தானதே: நாயுடையார்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்பதுதான் அவன் கூற்று. ஆக இவ்விரு மரபிலும் நாய் வீட்டுக்குள்ளே வருவதன்று. அது வாயிலில் நிற்பது. ஆனால் மனிதன் தன் வீட்டை முற்றாகத் துறந்து புறப்படும்பொழுது, வீட்டுக்கு வெளியே நின்ற அதுவே உடன் வருகிறது. இதனை மனத்தில் நிறுத்திக்கொண்டே சாளியை நோக்குதல் தகும்.

சாளி வாயிலில் நிற்கும் நாயன்று. வீட்டுக்குள்ளே பிறந்து வளர்ந்தது. பாரிசு நகரின் புறத்தே பிறந்தமையால் பிரெஞ்சு மொழியிற் கூறினால் விரைந்தும் ஆங்கிலத்திற் கூறினால் சற்றுத் தாமதித்தும் பணியும் என ஸ்ரைன்பெக் நகையாடுகிறார். அந்நியர் தங்குமிடத்தை நெருங்கியதும் சாளியை முன்னே விடுவார், அதனை அழைத்துவரும் பாவனையிற் பின்னே செல்வார், பேச்சுத் தொடங்கிவிடும். அதனைத் தம் தூதுவன் என்றே குறிப்பிடுகிறார். இது நுண்ணிய அவதானம். தனியாக வரும் ஆடவனை எந்த ஊரும் ஐயுறும். நாயோடு வருபவனை அவ்வளவு ஐயுறாது.

நயாகராவிலே கனடா நாட்டெல்லையில் அத்தூதுவனே தடையாகிறது. விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை. கனடாவினுள் நுழையலாம், ஆனால் அமெரிக்கா மீண்டும் உள்ளே விடாது என அலுவலர் இரக்கத்துடன் கூறுகிறார். எவரையும் கேளாது திரிவேன் எனப் புறப்பட்டவர் ஒரு தாளுக்காக வழியை மாற்றுகிறார். யெலோஸ்ரோன் வனத்திலே, எவரையும் கடித்தறியாத சாளி கரடியைக் கண்டதும் வெறிகொண்டு முழங்குகிறது. பத்தாண்டு பழகிய உயிரின் உள்ளே தாம் அறியாத வேறொன்று உறைகிறது என ஆசிரியர் திகைக்கிறார். பேருருவச் செம்மரங்களின் அடியிலே நடக்கும் நகைச்சுவையோ சற்று மிகை. கைதேர்ந்த எழுத்தாளர் பக்கத்தை நிரப்ப அறிந்த வித்தை என்பதற்கு மேல் அதிற் பொருளில்லை.

நூலின் கனம் நியூ ஓர்லியன்ஸிலே கூடுகிறது. 1960 நவம்பரில் அந்நகர்ப் பாடசாலையொன்றிலே வெள்ளையர் பிள்ளைகளோடு கற்க ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி அனுமதிக்கப்பட்டாள். ரூபி பிறிட்ஜஸ் என்னும் அவள் பெயரைப் பின்னர் உலகறிந்தது. காலைதோறும் வாயிலிலே கூடி அவளை வசைபாடிய பெண்களைக் காண ஸ்ரைன்பெக் சென்றார். தெற்கிலே லொறியின் முன்னிருக்கையிற் சாளி அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள், அதனைக் கறுப்பினத்தவர் ஒருவரென எண்ணிவிட்டதாக ஒரே இழிசொல்லை ஒரே சிரிப்போடு திரும்பத் திரும்பக் கூறினர். வடக்கிலே மனிதரை இணைத்த நாய், தெற்கிலே மனிதரை நாயாக்கும் பேச்சுக்கு வாய்ப்பாகிவிட்டது. நூலெங்கும் இதனினும் கசப்பான இடம் இல்லை. ஆசிரியர் இங்கே விளக்கவுரை எதுவும் சேர்க்காது கேட்டதை அப்படியே வைத்தது நல்ல தீர்ப்பு.

இனி நூலின் மெய்ம்மை பற்றிய வழக்கை நோக்கவேண்டும். 2010ஆம் ஆண்டில் பில் ஸ்ரைகர்வோல்ட் என்னும் பத்திரிகையாளர் அதே வழியிற் சென்று ஆராய்ந்தார். ஸ்ரைன்பெக் லொறியில் உறங்கிய இரவுகள் சிலவே, விடுதிகளில் தங்கியவை பல, மனைவி எலெயின் நீண்டகாலம் உடனிருந்தார், உரையாடல்கள் பல புனையப்பட்டவை என்பன அவர் முடிபுகள். நூல் வெளிவந்து ஐம்பதாண்டு நிறைவான பதிப்பின் முன்னுரையும் புனைவின் பங்கை ஒப்புக்கொண்டது. சிக்காகோவிலும் ரெக்சாஸிலும் மனைவி வந்ததை நூலே கூறும். பசிபிக் கரைவழியிலே அவர் உடன்வந்த செய்தியோ கைப்பிரதியில் இருந்தும் அச்சில் இல்லை.

நாவலாசிரியன் உரையாடலைப் புனைந்தான் என்பது பெருங்குற்றமன்று. அதைக் கண்டு கொதிப்போர் பயண நூலை நீதிமன்றச் சாட்சியமாகக் கொள்வோரே. குற்றம் வேறிடத்திலே உள்ளது. நூலின் தொடக்கத்திற் புயலொன்று வீசுகிறது. ஆசிரியர் உயிரைப் பொருட்படுத்தாது நீரிற் பாய்ந்து தம் படகைக் காப்பாற்றுகிறார். அந்தப் படகின் பெயர் மனைவியின் பெயர். அப்பெயரைப் புயலிலிருந்து மீட்டவர் அப்பெயருக்குரியவரைத் தம் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார். வியாசர் உடன்வந்தோரை ஒவ்வொருவராக வழியிலே வீழ்த்தி, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் காரணங்கூறி, நாயை மிஞ்சவைத்தார். ஸ்ரைன்பெக் உடன்வந்தவரைச் சொல்லாமலே விட்டு நாயை மிஞ்சவைத்தார். உயிரோடிருந்தாரை நான் கைவிட்டதில்லை என்ற தருமனின் விடை அவருக்கு வாய்க்காது. அவர் நாடியது பிறர் கையை எதிர்பாராத வாழ்வு. அதனைக் காட்டப் பிறரே இல்லாத பாதை ஒன்றை வரைந்துவிட்டார். பேணப்படுவதை வெறுத்துப் புறப்பட்டவர், வழியிலும் பேணப்பட்டதைக் கூற நாணினார் போலும். அதனைக் கூறியிருப்பின் நூல் சிறுத்திருக்காது. மனைவி பக்கத்திலிருக்க, முதுமையோடு போராடும் ஒருவனின் கதை இன்னும் அரியதாகவே அமைந்திருக்கும்.

இவ்வழக்கிலே சாளி மட்டும் குற்றமற்று நிற்கிறது. நாயுடன் சென்றதை எவரும் மறுக்கவில்லை. ஆர். எல். ஸ்ரீவன்சன் 1878இற் பிரான்சு மலைகளிலே தம்மோடு நடந்த கழுதையைப் பயண முடிவில் விற்றுவிட்டுப் பின்னரே அழுதார். ஸ்ரைன்பெக்குக்கு அத்தகைய பிரிவு நேரவில்லை. நேர்ந்தது நோய். வழியிலே சாளிக்குச் சிறுநீர் தடைப்படுகிறது. ஸ்போக்கேன் நகரில் ஒரு மிருக வைத்தியர் நடுங்கும் கையோடு அதனைத் தொடுகிறார். அவருக்கு நாயின்மேல் விருப்பமில்லை என ஆசிரியர் அறிந்துகொள்கிறார். ரெக்சாஸின் அமரில்லோவிலோ இளவயது வைத்தியர் ஒருவர். அவர் கை பட்டதும் சாளி அமைதி கொள்கிறது. அக்கையைக் கண்டதும் ஆசிரியரும் அமைதி கொள்கிறார். சில நாள் விட்டுச் செல்லுங்கள் என்கிறார் வைத்தியர். எவர் சொல்லுக்கும் கட்டுப்படாது செல்லவெனப் பத்தாயிரம் மைல் லொறியோட்டிய மனிதர், முன்பின் அறியாத ஓர் இளைஞரிடம் தம் நாயை ஒப்படைத்து, அவர் குறித்த நாள் வரும்வரை காத்திருக்கிறார்.