மடிசனின் பத்தாவது கட்டுரை: ஒரு மதிப்பீடு

அமெரிக்க அரசியலைக் கற்கப் புகுவோர் முதற்கண் எதிர்கொள்ளும் நூல்களுள் ‘பெடரலிஸ்ற்’ கட்டுரைத் தொகுதியும் ஒன்றாகும். அதன் பத்தாவது கட்டுரையை ஜேம்ஸ் மடிசன் 1787 நவம்பரில் புனைபெயரில் வெளியிட்டார். தந்நலங் கருதும் குழுக்கள் தோன்றுவதைத் தடுக்கப் புகின் சுதந்திரமே அழியும். ஆதலின் குடியரசு பரந்ததாயிருப்பின் குழுக்கள் பலவாகி, எந்த ஒன்றும் ஏனையோரை ஒடுக்குதல் அரிதாகும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் கூரியது, எனினும் முழுமையானதன்று. குழுக்கள் ஒன்றையொன்று தடுக்க வேண்டுமாயின், எல்லாக் குழுக்களும் களத்தில் நிற்க இடம் பெற்றிருத்தல் வேண்டும். தென் மாநிலங்களிலே கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் அவ்விடம் மறுக்கப்பட்டது. வாக்களிப்பதற்கான வரியும் எழுத்தறிவுச் சோதனையும் அவர்தம் வாக்கைப் பறித்தன. அங்கு ஆதிக்கஞ் செலுத்திய சனநாயகக் கட்சியின் செனற் சபை உறுப்பினர், நெடும்பேச்சினாற் குடியியல் உரிமைச் சட்டங்களைத் தடுத்து வந்தனர். 1957 இல் ஸ்ற்றோம் தேர்மண்ட் 24 மணித்தியாலங்களுக்கு மேலாகப் பேசினார்.

கட்சிகள் அடைத்த கதவை மீயுயர் நீதிமன்றம் திறந்தது. 1954 மே 17 இல், பிறவுண் வழக்கிலே, அரசாங்கப் பாடசாலைகளில் இனப்பிரிப்பு அரசியல் யாப்புக்கு முரணானதென நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்த்தனர். வழக்கறிஞருள் முதல்வராய் நின்றவர் தேர்குட் மார்ஷல். அவர் வெற்றிக்குப் பின்னே, 1909 இல் நிறுவப்பெற்ற நிறத்தவர் முன்னேற்றத் தேசிய சங்கத்தின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. வாக்கிழந்தோர் வழக்கினால் வென்றனர்.

ஆயின் நீதிமன்றமே இறுதிப் புகலிடம் என்பது பொருந்தாது. தீர்ப்பின் பின் பத்தாண்டு கழிந்தும் தென்னாட்டுக் கறுப்பினப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் பிரிந்தே கற்றனர். 1964, 1965 ஆம் ஆண்டுச் சட்டங்களே உரிமைக்கு வலுவூட்டின. அதே மன்றம் 2010 இல், ஐவருக்கு நால்வர் என்ற பிரிவில், கூட்டுத்தாபனங்கள் தேர்தற் காலத்திற் சுயேச்சையாகப் பணம் செலவிடுவதற்கிருந்த தடையை நீக்கிற்று. 2013 இல், அதே பிரிவில், 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் தலையாய காப்பொன்றைச் செயலிழக்கச் செய்தது. நீதியரசரைப் பெயர் குறித்து நியமிப்பவர் சனாதிபதி. இசைவளிப்பது செனற் சபை. ஆகவே கட்சிகளின் நிழல் நீதிபீடத்திலும் விழுகின்றது.

சொத்துப் பங்கீட்டின் ஏற்றத்தாழ்வே குழுக்களின் நிலையான ஊற்று என மடிசனே அக்கட்டுரையில் எழுதினார். அவ்வேற்றத்தாழ்வு களத்தையே ஒருபுறஞ் சாய்க்கும் என்பதை, அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த அவர், தொடர்ந்து ஆராய்ந்தாரல்லர். அக்கட்டுரையைப் பயிலும் மாணவர், குழுக்கள் எத்தனை என்று எண்ணுவதோடு அமையாது, களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும்.