முதல் உலகப் போரின் பிம்பம்: கவிதையும் திரைப்படமும்

முதல் உலகப் போர் என்றதும் மனத்தில் எழும் சேறு படிந்த பதுங்குகுழி, முள்கம்பி, வீணே மடியும் இளைஞர் ஆகிய காட்சிகள் 1914–1918 ஆண்டுகளிலேயே முழுவடிவம் பெற்றுவிடவில்லை. பிற்காலத்தவர் சில கவிதைகளையும் திரைப்படங்களையும் தேர்ந்தெடுத்து மீண்டும் மீண்டும் நாடியதால் அவை நிலைபெற்றன. போர்க்கால இங்கிலாந்தில் பெரிதும் வாசிக்கப்பட்டவர், நாட்டுக்காக உயிர்விடுவதைப் புனிதமாகப் பாடி, 1915 ஏப்ரலில் கலிப்பொலிக்குச் செல்லும் வழியில் நோயுற்று இறந்த ரூபர்ட் புரூக். போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று வில்பிரட் ஓவன் களத்தில் வீழ்ந்தபோது, அவருடைய கவிதைகளுள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே அச்சேறியிருந்தன. 1962இல் பெஞ்சமின் பிரிட்டன் தம் இசைப்படைப்பொன்றில் ஓவனின் ஒன்பது கவிதைகளை இலத்தீன் இரங்கல் வழிபாட்டோடு இணைத்த காலத்தையொட்டியே, ஓவன் அந்தப் போரின் குரலாகப் பரவலாக ஏற்கப்பட்டார்.

ஓவனின் வலிமை கருத்தில் மட்டுமன்றி ஒலியிலும் உள்ளது. அடியிறுதிகளில் மெய்யொலிகள் ஒன்றிவர, இடைப்பட்ட உயிரொலி மட்டும் மாறும் ஒருவகை இயைபை அவர் கையாண்டார். இசைவை எதிர்பார்க்கும் செவி ஒவ்வொரு முறையும் சற்றே ஏமாற்றப்படுவதால், போர் குலைத்த மனத்தின் அமைதியின்மை சொற்பொருளுக்கு முன்பே வாசகரை வந்தடைகிறது. குண்டுவெடிப்புகளுக்கிடையே வாழ்ந்து மனம் சிதைந்த நிலையாகிய குண்டதிர்ச்சிக்கு எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் 1917இல் சிகிச்சை பெற்றபோது அவர் சந்தித்த கவிஞர் சீக்பிரிட் சசூனே, பின்னர் 1920இல் அவருடைய தொகுப்பு வெளிவரத் துணைநின்றார்.

திரைப்படமோ போர் நடக்கும்போதே மக்களை எட்டியது. பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளாகிய 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் மாண்டனர். அப்போரைப் பற்றிய ஆவணப்படம், சண்டை ஓயாத ஆகஸ்ட் மாதத்திலேயே திரையிடப்பட்டு, பல லட்சம் பேரைத் திரையரங்குகளுக்கு ஈர்த்தது. கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கனத்த கேமராவை வைத்துக்கொண்டு குண்டுமழைக்கு நடுவே படமெடுப்பது அரிதாகையால், வீரர்கள் குழியிலிருந்து ஏறிப் பாய்கையில் சரிந்து விழும் புகழ்பெற்ற காட்சி களத்துக்குப் பின்னே நடிக்கவைத்து எடுக்கப்பட்டது. ஆயினும் அரங்கில் இருந்தோர் அதை உண்மைச் சாவாகவே கண்டு கலங்கினர். அப்படத்தின் பெரும்பகுதி மெய்யான பதிவு என்பதையும் மறந்துவிடலாகாது.

கவிதை எளிதில் அடையாத அரசியல் கொதிப்பைத் திரைப்படம் கிளப்பியது. லூயிஸ் மைல்ஸ்டோன் 1930இல் இயக்கிய ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ பெர்லினில் நாஜிகளின் கலவரத்துக்கு ஆளாகிச் சில நாட்களில் தடைசெய்யப்பட்டது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ 1957இல் வெளிவந்தும் 1975வரை பிரான்சில் திரையிடப்படவில்லை.

இவ்விரு கலைகளின் வெற்றியே பார்வையின் எல்லையும் ஆயிற்று: பிரான்சு, பெல்ஜியம் வழியே நீண்ட மேற்கு முனைக்கு அப்பால் நடந்த போர் அந்தப் பிம்பத்தில் பெரிதும் இடம்பெறவில்லை. இந்தியாவிலிருந்து கடல்கடந்து சென்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருள் பெரும்பகுதியினர் மெசொப்பொத்தேமியாவுக்கே அனுப்பப்பட்டனர்; மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையும் அங்கே பணியாற்றியது. 1915இல் சரோஜினி நாயுடு இந்திய வீரர்களைப் பாடிய ஆங்கிலக் கவிதை பாடநூல்களில் ஓவனுக்குக் கிடைத்த இடத்தைப் பெறவில்லை; பிரான்சிலிருந்து அவ்வீரர்கள் எழுதிய கடிதங்களோ, பெரும்பாலும் தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்த பகுதிகளாகவே எஞ்சியுள்ளன. பழைய படச்சுருள்களுக்கு வண்ணமும் ஒலியும் ஊட்டிப் பீட்டர் ஜாக்சன் 2018இல் வெளியிட்ட ஆவணப்படமும் மேற்கு முனையின் பிரிட்டிஷ் வீரர்களையே மையமாகக் கொண்டிருக்கிறது.