லேபிளும் மருந்தும்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நான். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று வருஷம் முழுக்க என் மேஜையைத் தாண்டித்தான் போகும். குடியிருப்பது விஸ்வநத்தம். லேபிள் வேறு, உள்ளே இருக்கிற மருந்து வேறு என்பதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசுமைப் பட்டாசு வந்தபின் பெட்டியில் நீரி நிறுவனத்தின் முத்திரையும் கியூஆர் கோடும் சேர்ந்துகொண்டன. 2021இல் சிபிஐ உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையோ, பெட்டிமேல் அச்சிட்டிருந்ததும் உள்ளே இருந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை என்றது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அச்சகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுப் பெண் ஒரு பிட் நோட்டீஸோடு வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பட்டாசு ஆலையில் (எங்கள் ஊரில் 'பயர் ஆபீஸ்') கணக்கு எழுதுகிறாள். நோட்டீஸில் வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், 'வேலை பார்த்துக்கொண்டே பி.காம்.', கீழே ஒரு கன்சல்டன்சியின் செல் நம்பர். கூட வந்த தம்பி ஏற்கெனவே விசாரணையை முடித்திருந்தான்.

"கூகுள்ல அடிச்சுப் பார்த்துட்டேன் அண்ணாச்சி. வெப்சைட் ஜம்முனு இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரையே ஆயிரக்கணக்குல போட்டிருக்காங்க. ரேங்க் லிஸ்ட்லயும் பேர் வருது. பெரிய யுனிவர்சிட்டிதான்."

அவன் செய்தது முட்டாள்தனம் இல்லை. இன்று அஞ்சல்வழிப் பட்டத்துக்குப் பணம் கட்டுகிற யாரும் இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், இந்த மாவட்டத்துக்காரரான காமராஜரின் பெயரை ஏற்பதற்கு முன்பே, 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் தேனி ரோட்டில் பஸ் ஏறிப் பல்கலை நகரில் இறங்கிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே 'கரஸ்'ஸில் படித்துத் தேறியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். நம்பிக்கை ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருந்தது. இப்போது நோட்டீஸ் கொடுக்கிற பல்கலைக்கழகம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணுக்குத் தெரிவது செல்போன் திரையில் வருகிற தடம் மட்டும்.

அந்தத் தடத்தை முறையாக அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த சைபர்மெட்ரிக்ஸ் ஆய்வகம் 2004 முதல் 'வெபோமெட்ரிக்ஸ்' என்ற தரவரிசையை ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை வெளியிலிருந்து எத்தனை தளங்கள் சுட்டுகின்றன என்பதற்குப் பாதி மதிப்பெண். மீதி, அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற கட்டுரைகளுக்கும் ஆய்வாளர்களுக்கும். முன்பு தளத்தில் எத்தனை பக்கம், எத்தனை கோப்பு என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் அறிவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கத் தூண்டவேண்டும் என்பதே அவர்கள் சொன்ன நோக்கம். நல்ல நோக்கம்தான்.

இப்படித் தடம் பார்ப்பதில் ஒரு காரியம் நிச்சயம் நடக்கும்: வெறும் காற்றுப் பையைக் கண்டுபிடித்துவிடலாம். 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிக் கல்வித் தளங்களை நடத்தியது. பேராசிரியராகவும் மாணவராகவும் வீடியோவில் பேசியவர்கள் கூலிக்கு நடித்தவர்கள். அந்தப் பேராசிரியர்களின் பெயரைக் கூகுள் ஸ்காலரில் போட்டுத் தேடினால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முகவரியின் வால் இன்னொரு தடயம். .ac.in, .edu.in இரண்டையும் இந்தியாவில் எர்னெட் மட்டுமே, கல்வி நிறுவனம் என்பதற்குச் சான்று பார்த்துத் தருகிறது. வெறும் .ac என்பது அட்லாண்டிக் கடலில் இருக்கிற அசென்ஷன் தீவின் முகவரி. காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும். பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தால், 'முப்பது ஆண்டுப் பாரம்பரியம்' என்று சொல்லிக்கொள்கிற தளம் மூன்று வருஷத்துக்கு முன்புதான் பிறந்தது என்பதும் வெளியே வந்துவிடும். தம்பியின் பல்கலைக்கழகம் இந்தச் சல்லடைகளில் எல்லாம் தேறியது. அது போலி இல்லை.

ஆனால் போலி இல்லை என்பதும் நம்பலாம் என்பதும் ஒன்றா? இங்கேதான் இந்த முறை காலை வாருகிறது. அதற்குச் சாட்சி தேடி வடக்கே போகவேண்டாம், சிதம்பரத்திலேயே இருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. இணையத்தில் அதன் தடம் வேஷம் இல்லை. பரங்கிப்பேட்டையில் இருக்கிற அதன் கடல் உயிரியல் மையத்தைக் கடல் ஆய்வு படிக்கிற எவரும் அறிவார்கள். தமிழ்நாட்டில் அதிகம் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. 1979இல் தொடங்கிய அதன் தொலைநிலைக் கல்வியில் படித்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் எல்லா ஊரிலும் உண்டு. வெபோமெட்ரிக்ஸ், ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கிற ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் என்று எந்தத் தராசில் வைத்தாலும் தேறும். அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பற்றி 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது: அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம், அதன்பின் அனுமதியில்லாமல் நடத்திய படிப்புகள் செல்லாது, மாணவர்களுக்கு வருகிற விளைவுகளுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கீகாரம் இல்லாத அந்த ஏழு ஆண்டுகளிலும் கடல் உயிரியல் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன. மேற்கோள்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. பரங்கிப்பேட்டையில் ஒருவர் இறாலைப் பற்றி எழுதிய கட்டுரைக்கும், விஸ்வநத்தத்தில் ஒருத்தி தபாலில் படிக்கிற பி.காமுக்கும் இடையே ஒரே பெயர்ப்பலகை என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. தடம் அளப்பது ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகத்தை. நாம் பணம் கட்டுவதோ அதே வளாகத்தில் வேறு கட்டடத்தில் இருக்கிற வேறொரு இலாகாவுக்கு. பட்டாசுக்காரன் பாஷையில் சொன்னால், ஃபேன்சி ரகத்துக்கு வாங்கிய நல்ல பெயரை ஓலைவெடிப் பெட்டியில் ஒட்டிவிடுகிறோம்.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பொருளே இல்லை. அது படிப்போடும் ஆண்டோடும் வருவது. தொலைநிலைக் கல்வியைக் கவனிக்கிற பொறுப்பு 2013 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் கீழிருந்த தொலைநிலைக் கல்விக் குழுவிடம் இருந்தது. இப்போது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம். எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கல்வியாண்டில் எந்தெந்தப் படிப்பை நடத்தலாம் என்பதை அது பட்டியலிடுகிறது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம், பிசியோதெரபி போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே முடியாது. இந்த எல்லையை மீறியதன் விலையைப் பலர் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைக் கையிலெடுத்தது. நான்கில் ஒன்று சேலத்தின் விநாயகா மிஷன். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் பிழைக்கும் என்ற நிபந்தனையோடு. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. நான்கும் சட்டப்படி இயங்கிய நிறுவனங்கள், தேடினால் கிடைப்பவை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி இடைமறித்தான். அவன் பத்தாவதோடு நின்றவன். "அப்ப நானும் நேரா டிகிரி சேர்ந்துக்கலாமா அண்ணாச்சி? திறந்தநிலைன்னு போட்டிருக்கே." சேர்த்துக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது என்று 2009 ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை போட்டது. டிஎன்பிஎஸ்சி எழுத நினைக்கிறவனுக்கு உயிரான விஷயம் இது. எந்தத் தரவரிசையிலும் இது வராது.

தடத்தைத் தயாரிக்கவும் முடியும் என்பது அடுத்த கோளாறு. 2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழும், திரும்பப்பெறப்படுகிற ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கிற 'ரிட்ராக்ஷன் வாட்ச்'சும் சேர்ந்து சென்னையின் சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டன. இளநிலை மாணவர்கள் தேர்வு எழுதுவதுபோல உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அவை அதே நிறுவனத்தின் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகின்றன, எண்ணிக்கை ஏறுகிறது என்றது அந்தச் செய்தி. அந்த ஆண்டு மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையின் பல் மருத்துவப் பட்டியலில் முதலிடம் அதே நிறுவனத்துக்குத்தான். எண்ணிக்கைக்கு மதிப்பு என்று அறிவித்துவிட்டால் எண்ணிக்கை வந்து சேரும். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புரியும்: லேபிள் கேட்டால் லேபிள் அடித்துக் கொடுப்போம். வெளித்தளங்களின் சுட்டிகளை எண்ணுவதிலும் எனக்கு இதே சந்தேகம் உண்டு. அட்மிஷன் பிடிக்கிற ஒவ்வொரு கன்சல்டன்சியும் தன் தளத்தில் பல்கலைக்கழகத்தின் முகவரியைப் போடுகிறது. அதுவும் ஒரு சுட்டிதானே?

நேர்மாறான கோளாறும் உண்டு. என்னை அதிகம் உறுத்துவது அதுதான். தொலைநிலையில் படிக்கிறவனுக்கு ஆசிரியர் என்பது பாடநூல். அந்தப் பாடத்தைத் தமிழில், எளிய வாக்கியத்தில், தானே வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய பேராசிரியருக்கு ஸ்கோபஸில் இடமில்லை, மேற்கோள் எண் இல்லை. 2002இல் சட்டம் போட்டு உருவாக்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பட்டப்படிப்பு நடத்துகிறது. விஸ்வநத்தத்துப் பெண்ணுக்கு அந்தப் பாடநூல்கள் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும்விட முக்கியம். 2024இல் என்ஐஆர்எஃப் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கியபோது முதல் மூன்று இடங்களை இக்னோ, கொல்கத்தாவின் நேதாஜி சுபாஷ், அகமதாபாத்தின் பாபாசாகேப் அம்பேத்கர் ஆகியவை பிடித்தன. தனிப் பட்டியல் வந்தவரை நல்லதுதான். குதிரையையும் மாட்டையும் ஒரே பந்தயத்தில் விடுவது அதோடு குறைந்தது.

அப்படியானால் தடம் பார்ப்பதை விட்டுவிடலாமா என்றால், என் பதில் வேறு. எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்க்கலாம். அன்று மாலை நான் அந்தப் பெண்ணுக்குத் திறந்து காட்டியது இக்னோவின் இ-ஞானகோஷ். வணிகவியல் பாடம் ஒன்றைத் தட்டினால் பிளாக், யூனிட் என்று பிரித்து முழுப் பாடமும் கிடைக்கிறது. யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள், எந்த ஆண்டில் அச்சிட்டது என்பதெல்லாம் முன்பக்கத்திலேயே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே பாடத்தைப் படித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிஷம் வாசித்துவிட்டு, "இங்கிலீஷ்ல இருக்கே அண்ணாச்சி, ஆனா புரியுது" என்றாள். ஒரு பல்கலைக்கழகம் மாணவருக்கு விட்டுச்செல்ல வேண்டிய தடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. நோட்டீஸ்காரர்களின் தளத்தில் பாடம் எங்கே என்று தேடினோம். ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியல் இருந்தது, பட்டமளிப்பு விழாப் படங்கள் இருந்தன, வேலைவாய்ப்பு நிறுவனங்களின் லோகோக்கள் இருந்தன. பி.காம். பாடத்தில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. பழைய வினாத்தாள் இல்லை. ரிசல்ட் எந்தத் தேதியில் வந்தது என்கிற அறிவிப்பும் இல்லை. தேர்வு மையம் எங்கே என்று கன்சல்டன்சிக்குப் போன் போட்டால், "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் மேடம்" என்றார்கள்.

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளே போனை வைத்துவிட்டாள்.

யுஜிசி பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினோம். பல்கலைக்கழகம் இருந்தது, எம்.பி.ஏ. இருந்தது. அந்த ஆண்டுக்கு பி.காம். இல்லை.

கடைசியில் பட்டியலில் பி.காமோடு இருந்த வேறொரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். 2024 முதல் தொலைநிலையில் சேர்கிறவர்கள் யுஜிசி தளத்தில் 'டெப் ஐடி' என்கிற பதிவு எண் எடுத்தாக வேண்டும். அதற்கு முன், படித்த கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கிற கணக்குக்கான ஏபிசி ஐடி. ஆதாரில் அவள் பெயர் அப்பா பெயரோடு முழுசாக இருக்கிறது, பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும். அதைச் சரிசெய்ய இரண்டு சனிக்கிழமை அரைச் சம்பளம் போனது. தேர்வு தீபாவளி சீசனில் வராது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பணம் கட்டினாள்.