ஊதா வராத வட்டம்

ஓவியக் கல்லூரி முதல் வருஷத்தில் நிறக் கோட்பாடு என்று ஒரு பாடம். முதல் நாளே வட்டம் போடச் சொன்னார்கள். பன்னிரண்டு கட்டம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை. மற்றதெல்லாம் இவற்றைக் கலந்தால் வந்துவிடும். நானும் கலந்தேன். ஊதா வரவேண்டிய கட்டத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு பழுப்பு வந்தது. கலக்கத் தெரியலைன்னு சொல்லி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். என் கண்ணிலேயே ஏதோ கோளாறு போல என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டு திரிந்தேன். பென்சில், கரி தவிர வேறெதையும் தொடவில்லை.

கண் சரியாகத்தான் இருந்தது. புட்டியில் இருந்தது வெர்மிலியன், அதாவது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதில் நீலத்தைச் சேர்த்தால் மங்கத்தான் செய்யும். மெஜந்தா எடுத்திருந்தால் ஊதா பளிச்சென்று வந்திருக்கும். அச்சகத்துக்காரர்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்றுதான் மை ஊற்றுகிறார்கள். அந்தத் தெருவைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் வகுப்புக்குப் போனோம், யாருக்கும் உறைக்கவில்லை.

நாங்கள் வரைந்த வட்டம் யோஹன்னஸ் இட்டன் பிரபலமாக்கியது. பௌஹவுஸ் பள்ளியில் 1919 முதல் 1923 வரை சொல்லிக்கொடுத்தவர். நிறம் பற்றிய பெரிய புத்தகம் 1961-ல் வந்தது. மூன்று முதன்மை நிறம் என்ற நம்பிக்கை அவருக்கு முன்னாலேயே உண்டு. அவர் அதை அழகாக வரைந்தார். அழகாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது என் சந்தேகம்.

எனக்குத் தெளிவு வந்தது யோசஃப் ஆல்பர்ஸின் 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்' (1963) படித்த பிறகு. அதே பௌஹவுஸில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். 1933-ல் அமெரிக்கா போய்விட்டார். அவர் வட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. பெயிண்டையே ஒதுக்கி வைக்கச் சொல்கிறார், வண்ணக் காகிதம் போதும் என்கிறார். பத்திரிகையில் வெட்டியது, அச்சகத்தில் கழித்துப் போட்டது எதுவானாலும் சரி. பயிற்சி இவ்வளவுதான்: ஒரே காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, வேறு வேறு பின்னணியில் வைத்து, அவை இரண்டு நிறமாகத் தெரியும்படி செய்யணும். எனக்கு மூன்று வாரம் ஆச்சு. ஒரு மங்கலான காவித் துண்டு மஞ்சள்மேல் கறுத்தும் கருநீலத்தின்மேல் வெளுத்தும் நின்றபோது, இரண்டும் ஒன்றுதானா என்று நானே பெயர்த்து எடுத்து ஒட்டிப் பார்த்தேன்.

இது ஆல்பர்ஸ் கண்டுபிடித்ததல்ல. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்கு இயக்குநராக 1824-ல் ஒரு வேதியியலாளர் வந்தார், பெயர் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று அவரிடம் புகார். மற்ற ஊர்ச் சாயங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், கறுப்பில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீல நூலும் ஊதா நூலும்தான் அதை மங்கவைத்தன. 1839-ல் அதைப் புத்தகமாக எழுதினார். நிற வகுப்பின் முதல் நாளில் சொல்லவேண்டிய கதை இது. சாயத்தில் தப்பு தேடுகிற இடத்தில் தப்பே இருக்காது.

ஆல்பர்ஸ்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய பயிற்சிகள் தட்டையான காகிதத்தில், அசையாமல், ஒரே வெளிச்சத்தில் நடப்பவை. அவர் மனைவி ஆன்னி ஆல்பர்ஸ் பெரிய நெசவுக் கலைஞர் என்பதை நினைத்தால் இது கொஞ்சம் விசித்திரமாகவே படுகிறது. நம்ம ஊர் மயில் கழுத்துப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு திரும்பினால் நீலம் பச்சையாகிறது. அதற்கு வட்டத்தில் எந்தக் கட்டம்?

அம்மாவின் பழைய புடவை ஒன்றிலிருந்து இரண்டு துண்டு கேட்டு வாங்கி அதே பயிற்சியைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். டியூப்லைட்டில் இரண்டு நிறமாகப் பிரிகிறது. காலையில் ஜன்னலோரம் கொண்டுபோனால் ஒன்றாகிவிடுகிறது.