முரசும் மறமும்: 'சந்திரலேகா' குறித்து ஒரு நோக்கு

ஆங்கிலேயர் தம் இடைக்கால வீரரை நகைப்பொருளாக்கவும் அஞ்சாதவர். 1936இல் பிரித்தானியாவில் எழுந்த 'வென் நைட்ஸ் வேர் போல்ட்' என்னும் இசை நகைச்சுவைப் படத்தில், ஜாக் புக்கானன் நடித்த இக்கால வீரன் கனவின் வழியே கவசமணிந்தோர் உலகினுட் புகுகின்றான். தமிழ்த் திரையோ அரசர் கதையை எள்ள நெடிது தயங்கிற்று. 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' புறநடை. எஸ். எஸ். வாசன் 1948 ஏப்ரல் 9இல் வெளியிட்ட 'சந்திரலேகா'வில் நகை என். எஸ். கிருஷ்ணனுக்கும் டி. ஏ. மதுரத்துக்கும் உரியது, அரியணைப் பூசல் நகைக்கு அப்பாற்பட்டது.

ஆயின் இப்படத்தில் மறம் எங்கே உள்ளது? இளவல் சசாங்கன் பெற்றோரைச் சிறையிட்டு அரசைக் கவர்கின்றான், சந்திரலேகாவையும் பற்றுகின்றான். மூத்தோன் வீரசிம்மனோ முன்னர்க் குகையில் அடைபட்டபோது, சர்க்கஸ் யானைகளின் துணையால் அவளே அவனை மீட்டவள். இறுதியிலும் கோட்டையை வீழ்த்துவது அவளது சூழ்ச்சியே. மணத்திற்கு இசைந்தாள்போல் நடித்து முரசு நடனம் வேண்டுகின்றாள். மாபெரும் முரசங்கள் நிரை நிரையாக அரண்மனை முற்றத்தை நிறைக்கின்றன. அவற்றின்மேல் மகளிர் ஆடுகின்றனர். ஆடல் ஓய்ந்ததும் முரசங்களினுள்ளிருந்து வீரர் வெளிப்படுகின்றனர். தொல்காப்பியர் கூறும் உழிஞை, புறத்தே மதில் வளைத்தல். ஈண்டு மதிலின் உள்ளேயே பகை விருந்தாக வந்துவிடுகின்றது. அக்காட்சியின் பெருமிதத்தை மறுப்பார் இலர்.

எனினும் தமிழ் மரபு இத்தகைய மறைவை யாருக்கு உரியதாக்கிற்று? உதயணன் கதையில் பொய் யானையினுள் வீரரை ஒளித்து அவனைச் சிறைப்பிடிப்பவன் பகைவனாகிய பிரச்சோதனன். பெரியபுராணத்தில் சுவடிக்கட்டினுட் படைக்கலம் கரந்து வருபவன் முத்தநாதன். அவன் குத்திய பின்னரும் அவனுக்கு ஊறு நேராது காத்தனுப்பும்படி தத்தனைப் பணித்து, அப்பணி முடிந்தமை கேட்டபின்னரே உயிர்நீத்தார் மெய்ப்பொருள் நாயனார். வாள் வீச்சினும் அரிய மறம் அது. மேல்நாட்டார் போற்றும் வீரவொழுக்கமும் அடிப்படையில் இத்தகைய கட்டுப்பாடே.

பருத்தித்துறை முதலாய வடமராட்சி ஊர்களிற் காத்தவராயன் கூத்தைக் கண்டு வளர்ந்தோர்க்கு, நாயகன் வேடம் புனைதல் புதுமையன்று. ஆரியமாலையை அடையக் காத்தான் எத்தனை வேடம் பூணுகின்றான்! ஆனால் கூத்து அதற்குக் கணக்குத் தீர்க்கின்றது. அவன் கழுமரம் ஏறியே ஆகவேண்டும். விடியுமளவும் விழித்திருக்கும் அவை அந்தக் கட்டத்திற்காகவே காத்திருக்கும். சந்திரலேகாவின் வஞ்சகத்திற்கு அத்தகைய கணக்கெதுவும் இல்லை. சிறைப்பட்ட பெண்ணுக்குச் சூழ்ச்சியன்றி வேறு படை யாது எனின், அது தக்க விடையே. அவ்விடையைப் படம் அவள் வாயிற் கூறவைத்திருந்தால், முரசு நடனம் வெறும் வியப்பாக நின்றிராது.

அதற்குப் பதிலாக வாசன் உடனே வாட்போருக்கு விரைகின்றார். ரஞ்சனும் எம். கே. ராதாவும் நெடுநேரம் பொருகின்றனர். திறமைமிக்க காட்சி, ஐயமில்லை. சசாங்கன் சிறைப்படுகின்றான், வீரசிம்மன் முடி சூடுகின்றான். கோட்டையைத் திறந்தவளுக்குக் கிடைப்பது அரசி என்னும் பெயர்.