நாலு பனி தின்ற கேரட்

ஜனவரி விடியலில் ஊட்டி காந்தல் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் முட்டைக்கோஸில்தான் விழும். வெளி இலைக்கெல்லாம் வெள்ளிக் கரை போட்டதுபோல உறைபனி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பக்கத்துப் பாத்திக்காரன்.

1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே பயிரிட்டுப் பார்த்த இங்கிலீஷ் காய்களில் எல்லாமே பனிக்கு நின்றுவிடவில்லை. உருளைச்செடி ஒரே இரவில் வெந்த கீரையாகக் கறுத்துத் துவளும். பீட்ரூட், நூக்கல், பூண்டு தாங்கும். கேரட் தாங்குவதோடு நிற்காமல் இனிக்கவும் தொடங்கும். குளிர் ஏற ஏறக் கிழங்கு தன் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். சர்க்கரை ஏறிய சாறு லேசில் உறையாது. தன் உயிருக்கென்று அது சேர்த்ததைத்தான் நாம் கடிக்கிறோம்.

காந்தலில் இருந்த என் அத்தைக்கு அறுவடைக் கணக்கு நாளில் இல்லை, பனியில். “இன்னும் நாலு பனி விழட்டும்டா” என்பார். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் உடனே மண் அணைப்பார். வெயில் பட்டால் பச்சையேறிக் கசக்கும். பனிக்கும் அந்த மண்தான் போர்வை. சரிவான தோட்டம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்குவதால் மேல் பாத்தியில் வெறும் ஈரம் இருக்கும்போதே கடைசிப் பாத்தி முழுக்க வெளுத்திருக்கும். எனக்கு அந்தக் கடைசிப் பாத்திக் கேரட்தான் வேண்டும். வெயில் வந்து இலையில் பனி வடியும்வரை தொட விடமாட்டார். பிறகு இழுத்தால், நிழலில் இறுகிக் கிடந்த மேல்மண் அப்பளம்போல நொறுங்கும். முந்தானையில் துடைத்துக் கொடுப்பார். நடுத்தண்டும் இனிக்கிறதா என்பதுதான் சோதனை.

டெல்லிச் சிவப்புக் கேரட்டுக்கு ஈடில்லை என்று வாதாடும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. அல்வாவுக்குச் சரி. பாலும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்தபின் எதுதான் இனிக்காது?

இப்போது கேத்தி பாலாடாவில் இயந்திரத்தில் உருட்டிக் கழுவி லாரி ஏற்றுகிறார்கள். தோல் உரசிப் பளபளவென்று வருகிறது. வீட்டில் இரண்டு நாள் கிடந்தால் வழவழக்கிறது. விலை இருக்கும்போது பனிக்குக் காத்திரு என்று விவசாயியிடம் சொல்ல எனக்கு வாயில்லை. நாலு பாத்தி மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் மார்கழிக்கு முன்பே பிடுங்கிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

அத்தையின் கடைசிப் பாத்தி இன்று ஒரு விடுதியின் கார் நிறுத்துமிடம். பனி என்னவோ இன்னமும் அங்கேதான் முதலில் இறங்குகிறது. காலையில் டிரைவர்கள் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார்கள்.